பெருவிலங்கு வேட்டைக் குண்டுகள்: விரிவதும் ஊடுருவுவதும் எவற்றைப் பொறுத்தவை?

கேள்வி

நண்பர்களுக்கு வணக்கம். எல்க் அளவுள்ள பெரிய மான்களுக்கு .30-06 ஸ்பிரிங்ஃபீல்ட் ரைஃபிளைப் பயன்படுத்துபவன் நான். ஈயக்கருவின் மேல் செம்புக்கலவை உறை போர்த்திய, 180 கிரெயின் (சுமார் 11.7 கிராம்) எடையுள்ள, முனையில் ஈயம் வெளியே தெரியும் சாதாரண சாஃப்ட் பாயிண்ட் குண்டுதான் இதுவரை என் தேர்வாக இருந்தது. அடுத்த பருவத்துக்கு முன் மற்ற வகைகளையும் ஒப்பிட்டுப் பார்க்க விரும்பி, தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் கேன்களை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வைத்து, அந்தச் சாதாரணக் குண்டையும், உறையும் கருவும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்ட 180 கிரெயின் பாண்டட் குண்டையும், ஈயமே இல்லாத 150 கிரெயின் முழுச்செம்புக் குண்டையும் சுட்டுப் பார்த்தேன்.

முடிவுகள் என்னைக் குழப்பிவிட்டன. சாதாரணக் குண்டு அருகிலிருந்து சுட்டபோது சில கேன்களுக்குள்ளேயே நின்றுவிட்டது. எடுத்துப் பார்த்தால் உறை அடிப்பாகம் வரை கிழிந்து திரும்பியிருந்தது. கருவில் பெரும்பகுதி காணாமற்போய், உறையின் உட்புறத்தில் ஈயம் மெல்லிய பூச்சாக மட்டுமே ஒட்டிக்கொண்டிருந்தது. அதே குண்டை 300 மீட்டரிலிருந்து சுட்டபோது அழகான காளான் வடிவம் கிடைத்தது, ஆழமும் கூடியது. வேகம் குறைந்தால் ஆழமும் குறையும் என்றல்லவா எதிர்பார்க்க வேண்டும்? முழுச்செம்புக் குண்டு, மூன்றிலும் எடை குறைந்ததாக இருந்தும், எல்லாவற்றையும் விட ஆழமாகச் சென்றது. நான்கு இதழ்களும் பின்னோக்கிச் சுருண்டிருக்க, எடையில் ஏறக்குறைய எதுவும் குறையவில்லை. பாண்டட் குண்டு மூன்றிலும் அகலமாக விரிந்து, ஆழத்தில் நடுவில் நின்றது.

அருகில் சுட்டபோது ஆழம் குறைந்தது ஏன், இலேசான குண்டு கனமான குண்டைத் தாண்டிச் சென்றது எப்படி, குண்டுகளை ஒப்பிடும்போது மீந்த எடை, விரிந்த விட்டம், சென்ற ஆழம் ஆகிய மூன்றில் எதை முதன்மையாகக் கொள்வது என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

மறுமொழி 1

உங்கள் முதல் இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றுதான். குண்டு நீருக்குள்ளோ தசைக்குள்ளோ நுழையும்போது அதன் முனையின் மீது ஏற்படும் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. உங்கள் 180 கிரெயின் குண்டு குழல்வாயை விட்டு வினாடிக்கு ஏறத்தாழ 820 மீட்டர் வேகத்தில் புறப்பட்டு, 300 மீட்டரை அடையும்போது 640 மீட்டர் அளவுக்கு இறங்கியிருக்கும் என்று கொள்வோம். நீரின் அடர்த்தியை வைத்துக் கணக்கிட்டால், முனையின் மீதான அழுத்தம் முதல் நிலையில் சுமார் 336 மெகாபாஸ்கல், இரண்டாவதில் சுமார் 205 மெகாபாஸ்கல். தூய ஈயம் 20 மெகாபாஸ்கலுக்கும் குறைவான அழுத்தத்திலேயே நிரந்தரமாக உருமாறத் தொடங்கிவிடும். ஆகவே இரண்டு தொலைவுகளிலும் ஈயம் வழிந்தோடக் காத்திருக்கும் நிலையில்தான் இருக்கிறது. அதைப் பிடித்து நிறுத்துவது உறையின் தடிமனும், முனையிலிருந்து அடியை நோக்கி அந்தத் தடிமன் கூடிச்செல்லும் விதமும்தான். 300 மீட்டரில் அந்த உறையால் தாக்குப்பிடிக்க முடிந்தது, அருகில் முடியவில்லை.

விரிந்த பிறகு நடப்பதுதான் ஆழத்தைத் தீர்மானிக்கிறது. விரியாத குண்டின் விட்டம் 7.8 மி.மீ. அது 15 மி.மீ. ஆக விரிந்தால் விட்டம் இரு மடங்குக்குச் சற்றுக் குறைவாகத்தான் கூடியிருக்கும், ஆனால் முகப்பின் பரப்பு 3.7 மடங்காகிவிடும். எதிர்க்கும் விசை அந்தப் பரப்புக்கு ஏற்பவே கூடும். அதே கணத்தில் பின்னாலிருந்து தள்ளும் நிறையும் சிதறிக் குறைந்துபோனால், குண்டு இரண்டு பக்கமும் இழக்கிறது. அருகில் சுடும்போது கூடுதலாகக் கிடைக்கும் வேகத்தை இந்த இரட்டை இழப்பு விழுங்கிவிடுகிறது.

இதை எண்ணால் பார்க்க விரும்பினால் குறுக்குவெட்டு அடர்த்தியைக் கணக்கிடலாம். குண்டின் எடையைப் பவுண்டிலும் விட்டத்தை அங்குலத்திலும் எடுத்துக்கொண்டு, எடையை விட்டத்தின் இருமடியால் வகுத்தால் அந்த எண் கிடைக்கும். 7,000 கிரெயின் ஒரு பவுண்டு. .308 அங்குல விட்டமுள்ள 180 கிரெயின் குண்டுக்கு இது 0.271, அதே விட்டமுள்ள 150 கிரெயினுக்கு 0.226. பெட்டியிலும் பட்டியலிலும் அச்சிடப்படுவது இந்த எண்தான். ஆனால் இது உடலைத் தொடும் வரைக்கும் உள்ள குண்டின் எண். உள்ளே பயணம் செய்வது வேறொரு குண்டு. உங்கள் சாதாரணக் குண்டு 65 விழுக்காடு எடையை வைத்துக்கொண்டு .60 அங்குலத்துக்கு விரிந்ததாக வைத்துக்கொண்டால், மீந்தது 117 கிரெயின், புதிய குறுக்குவெட்டு அடர்த்தி 0.046. செம்புக் குண்டு 98 விழுக்காட்டை வைத்துக்கொண்டு அதே அகலத்துக்கு விரிந்தால், மீந்தது 147 கிரெயின், அடர்த்தி 0.058. புறப்படும்போது இலேசாக இருந்த குண்டு, உள்ளே சென்றபின் கனமான குண்டாகிவிட்டது. அதோடு செம்பின் இதழ்களுக்கு இடையே இடைவெளி உண்டு; .60 அங்குலம் என்று அளவுகோல் காட்டினாலும் முகப்பின் உண்மையான பரப்பு முழு வட்டத்தின் பரப்பை விடக் குறைவு. உங்கள் கேன்களில் அது ஆழமாகச் சென்றதற்கு இவை போதுமான காரணங்கள்.

மறுமொழி 2

மேலே தரப்பட்ட கணக்கை ஒட்டி, இந்த வடிவமைப்புகள் ஏன் தோன்றின என்பதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் ஒவ்வொரு வகையும் முந்தைய வகையின் ஒரு குறிப்பிட்ட தோல்விக்கு விடையாகவே வந்தது.

அமெரிக்க வேட்டையாளர் ஜான் நாஸ்லர் 1946-ல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் .300 ஹெச் அண்ட் ஹெச் மேக்னம் ரைஃபிளுடன் மூஸ் (எல்க்கை விடவும் பெரிய மான்) வேட்டையில் இருந்தபோது, சேறு காய்ந்து அப்பியிருந்த ஒரு பெரிய மூஸின் தோளில் அவருடைய குண்டுகள் ஆழம் போகாமல் மேற்பரப்பிலேயே சிதறின. அந்த அனுபவத்திலிருந்து பிறந்து 1948-ல் விற்பனைக்கு வந்ததுதான் பார்ட்டிஷன் குண்டு. உறையின் நடுவே குறுக்காக ஒரு செம்புச் சுவர் இருக்கும். முன்னறையில் உள்ள ஈயம் எளிதாக விரிந்து, பெரும்பாலும் சிதறியும் போய்விடும். சுவருக்குப் பின்னால் உள்ள ஈயம் எந்த வேகத்திலும் அசையாது. எடையில் மூன்றில் இரண்டு பங்கு அளவே மீந்தாலும், பின்பாதியின் குறுகலான உடல் தொடர்ந்து உள்ளே செல்லும். மீந்த எடையின் விழுக்காட்டை மட்டும் பார்த்து இதைச் சாதாரணக் குண்டோடு ஒரே வரிசையில் நிறுத்துபவர்கள் இதன் அமைப்பைக் கவனிக்காதவர்கள் என்றே சொல்வேன். சாதாரணக் குண்டில் எவ்வளவு இழப்போம் என்பது மோதும் வேகத்தைப் பொறுத்தது. பார்ட்டிஷனில் இழப்பின் எல்லை சுவரின் இடத்தாலேயே முன்கூட்டி வரையப்பட்டுவிட்டது.

பாண்டட் குண்டு வேறு வழியில் சென்றது. கருவை உறையோடு உருக்கியோ வேதிமுறையிலோ பிணைத்துவிட்டால், உறை பின்னோக்கி மடியும்போது ஈயம் அதோடு சேர்ந்தே மடியும், தனியே கழன்று ஓடாது. ட்ராஃபி பாண்டட் பேர் கிளா, ஸ்விஃப்ட் ஏ-ஃப்ரேம், நாஸ்லர் அக்யூபாண்ட், நார்மா ஓரிக்ஸ், ஆஸ்திரேலியாவின் உட்லீ வெல்ட்கோர் எல்லாம் இந்தக் குடும்பம்தான். இவற்றில் ஏ-ஃப்ரேம் நடுச்சுவரையும் பிணைப்பையும் ஒன்றாகக் கொண்டது. இவை எடையை நன்றாகக் காத்துக்கொள்வதோடு அகலமாகவும் விரிவதால், நீங்கள் கண்டதுபோல ஆழத்தில் நடுவில் நிற்பது இயல்பே. 180 கிரெயினில் 90 விழுக்காடு மீந்து .65 அங்குலத்துக்கு விரிந்தால் உள்ளேயுள்ள குறுக்குவெட்டு அடர்த்தி 0.055 வரும், முந்தைய மறுமொழியில் உள்ள இரண்டு எண்களுக்கும் இடையில்தான் அது விழுகிறது.

முழுச்செம்புக் குண்டை வேட்டையாளர்களிடையே பரவச் செய்தது பார்ன்ஸ் நிறுவனம் 1989-ல் கொண்டுவந்த எக்ஸ் குண்டு. முனையில் ஒரு குழி, அதன் சுவரில் நான்கு இதழ்களாகப் பிளவதற்கான முன்னேற்பாடு, அதற்குக் கீழே திடமான செம்புத் தண்டு. குழிக்குள் திரவமோ தசையோ அழுந்திப் புகுந்தால்தான் இதழ்கள் பிளக்கும். இதில் கவனிக்க வேண்டியது, விரிதலின் எல்லை குழியின் ஆழத்தால் அறுதியிடப்பட்டிருக்கிறது என்பது. குழி முடியும் இடத்தில் இதழ்களும் முடிந்துவிடும். எவ்வளவு வேகமாக மோதினாலும் அதற்குமேல் கிழியாது, மிஞ்சிப்போனால் இதழ்கள் ஒடிந்து தண்டு மட்டும் இன்னும் ஆழமாகப் போகும். ஆகவே வேகமிக்க மேக்னம் தோட்டாக்களுக்கும், மிக அருகில் விலங்கு வெளிப்படும் அடர்காட்டுக்கும் இது பொருத்தமானது. மறுமுனையில், வேகம் குறையும்போது செம்பு ஈயத்தைப் போல இளகாது. பெரும்பாலான செம்புக் குண்டுகள் வினாடிக்கு 550 முதல் 600 மீட்டர் வேகத்துக்குக் கீழே நம்பத்தகுந்த வகையில் திறப்பதில்லை. எலும்புத் துணுக்கோ உரோமமோ குழியை அடைத்துவிட்டால் அந்த வேகத்திலும் திறக்காமல் போகலாம். பிற்காலத்தில் குழியின் வாயில் பிளாஸ்டிக் முனை செருகப்பட்டதற்கு, காற்றில் வேகம் குறையாமல் இருப்பதோடு, மோதியவுடன் ஆப்பு போலப் பின்னே இறங்கி இதழ்களைத் திறந்துவிடுவதும் காரணம்.

எடைத் தேர்வைப் பற்றி ஒரு வார்த்தை. ஈயத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், செம்பினுடையது 8.96. ஆகவே அதே எடையில் செம்புக் குண்டு நீளமாக இருக்கும், தோட்டாவுக்குள் வெடிமருந்துக்குரிய இடத்தை எடுத்துக்கொள்ளும், குண்டைச் சுழலவைக்கக் குழலின் உட்புறத்தில் வெட்டிய வரிப்பள்ளங்களின் முறுக்கு விரைவாக இல்லாவிட்டால் பறப்பிலும் நிலைகுலையும். 180-க்குப் பதிலாக 165 அல்லது 150 எடுத்துக்கொள்வது நல்ல வழக்கம். ஆழத்தில் ஒன்றும் இழக்க மாட்டீர்கள். வேகம் கூடுவதால் திறப்பதும் உறுதிப்படும்.

மறுமொழி 3

ஆழத்தையும் மீந்த எடையையும் மட்டுமே புகழ்வது எனக்கு உடன்பாடில்லை. குண்டின் கடமை விலங்கைக் கூடியவரை விரைவாகவும் வேதனையின்றியும் வீழ்த்துவது. தராசில் நன்றாக எடை காட்டுவது அதன் கடமையாகாது. குண்டிலிருந்து பிரிந்த துணுக்குகள் வீணாய்ப் போனவை என்று எண்ண வேண்டாம். குண்டு கடக்கும்போது தசை வெளிப்புறமாகத் தள்ளப்பட்டு ஒரு தற்காலிகக் குழிவு உண்டாகிறது. நுரையீரலைப் போன்ற மீள்திறன் மிகுந்த திசு அந்த இழுப்பைப் பெருமளவு தாங்கிக்கொண்டு மீண்டும் ஒடுங்கிவிடும். ஆனால் துணுக்குகள் ஏற்கெனவே பல இடங்களில் துளையிட்டிருந்தால், அதே இழுப்பு அந்தத் துளைகளை ஒன்றோடொன்று இணைத்துக் கிழித்துவிடும். சிறிய மானின் விலாவில் சாதாரண ஈயக்குண்டு பட்டவுடன் அது நின்ற இடத்திலேயே சாய்வதும், செம்புக் குண்டு பட்ட மான் இதயப்பகுதியில் துளையோடு சற்றுத் தூரம் ஓடிச் சாய்வதும் இதனால்தான்.

எல்க், மூஸ் என்று வரும்போது நிலைமை மாறுகிறது என்பதை மறுக்கவில்லை. தோலும் முன்னஞ்சப்பையும் தடித்தவை. அவற்றைத் தாண்டிய பிறகும் உள்ளே செல்லக் குண்டில் ஏதாவது மீந்திருக்க வேண்டும். மறுபக்கம் துளைத்து வெளியேறினால் இரத்தத்தடம் தெளிவாக இருக்கும். உள்ளேயே நின்றுவிட்டால், அதிலும் நுழைந்த துளை விலாவின் மேற்பகுதியில் இருந்தால், இரத்தம் வெளியே சொட்டுவதற்கு முன்பே விலங்கு வெகுதூரம் போயிருக்கும். ஆகவே உங்கள் நோக்கத்துக்குப் பாண்டட் குண்டையோ செம்பையோ நானும் பரிந்துரைப்பேன். இடையளவு மான்களுக்கும் அதே குண்டுதான் சிறந்தது என்று பொதுமைப்படுத்துவதைத்தான் எதிர்க்கிறேன்.

துணுக்குகளுக்கு இன்னொரு பக்கமும் உண்டு என்பதை என் கருத்துக்கு எதிராகவே பதிவுசெய்கிறேன். ஈயத் துணுக்குகள் காயத்தடத்திலிருந்து பல சென்டிமீட்டர் தள்ளிக்கூட இறைச்சிக்குள் கிடப்பதை எக்ஸ்ரே படங்கள் காட்டியிருக்கின்றன. கண்ணுக்கும் கத்திக்கும் அவை தட்டுப்படுவதில்லை. விட்டுச்செல்லும் குடலையும் கழிவையும் தின்னும் பறவைகள் நஞ்சேறி இறக்கின்றன. கலிஃபோர்னியா 2019 ஜூலை முதல் எல்லா வேட்டைக்கும் ஈயத்தைத் தடைசெய்ததற்கு அங்குள்ள காண்டார் கழுகுகளின் நிலைமை பெரிய காரணம். டென்மார்க் 2024-ல் ரைஃபிள் குண்டுகளுக்கும் தடையை நீட்டித்தது. துணுக்குகளால் கிடைக்கும் விரைவான வீழ்ச்சியை விரும்புபவர்கள், காயத்தைச் சுற்றியுள்ள இறைச்சியைத் தாராளமாக வெட்டி எறியவும், கழிவைப் புதைக்கவும் கடமைப்பட்டவர்கள்.

மறுமொழி 4

இதுவரை எவரும் தொடாத ஒன்று சோதனை முறை. தண்ணீர் கேன்கள் ஒரு குண்டை இன்னொரு குண்டோடு ஒப்பிட உதவும். விலங்கில் எவ்வளவு ஆழம் போகும் என்பதைச் சொல்ல உதவாது. தண்ணீருக்குக் குண்டை விரியச்செய்யும் அடர்த்தி உண்டு, ஆனால் திசுவைப் போன்ற இழுவலிமை இல்லை. அதனால் வேகம் குறைந்த பிறகும் குண்டு நீருக்குள் வழுக்கிக்கொண்டே போகும். ஈரப்படுத்திய செய்தித்தாள் கட்டுகளில் இதற்கு நேர்மாறு: தாளின் நார் இதழ்களைத் தேய்த்துப் பின்னே மடக்கிவிடும், ஆழமும் குறைத்தே காட்டும்.

தசைக்குப் பதிலாக வைக்கும் ஜெலட்டின் கட்டியில் சுடுவதானால் அதற்குரிய ஒழுங்கோடு சுட வேண்டும். அமெரிக்க இராணுவத்தின் லெட்டர்மேன் ஆய்வுக்கூடத்தில் மார்ட்டின் ஃபேக்லர் நிலைநாட்டிய முறைப்படி, எடையில் 10 விழுக்காடு ஜெலட்டின் கலந்து, 4 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வித்து, முதலில் 4.5 மி.மீ. எஃகு மணி ஒன்றை வினாடிக்கு ஏறத்தாழ 180 மீட்டர் வேகத்தில் சுட வேண்டும். அது சுமார் 8.5 சென்டிமீட்டர் ஆழம் சென்றால்தான் அந்தக் கட்டி தசையின் இடத்தில் வைத்துப் பார்க்கத் தகுந்தது. இணையத்தில் காணும் படங்களில் பலவற்றில் இந்தச் சரிபார்ப்பு இல்லை. செயற்கையான தெளிந்த ஜெல் கட்டிகள் வேறு பொருளால் ஆனவை. அவற்றில் கிடைத்த ஆழத்தை இயற்கை ஜெலட்டினில் கிடைத்த ஆழத்தோடு ஒரே அட்டவணையில் வைக்கக் கூடாது.

இவை எல்லாவற்றையும் விட முக்கியமானது, விலங்கு ஒரே சீரான பொருள் அல்ல என்பது. விலாவுக்குப் பின்னால் இருப்பது காற்று நிறைந்த நுரையீரல். அதன் அடர்த்தி தசையின் அடர்த்தியில் பாதிகூட இராது. தோலும் விலாவெலும்புகளுக்கு இடையிலுள்ள மெல்லிய தசையும் மட்டுமே குண்டைத் திறக்கக் கிடைத்த வாய்ப்பாக இருக்கலாம்; அதற்குள் திறக்காத குண்டு நுரையீரலைக் குறுகலான துளையோடு கடந்து போய்விடும். 300 மீட்டர் தொலைவில் மிஞ்சும் வேகத்தில் தண்ணீர் கேனில் அழகாக விரிந்த செம்புக் குண்டு, அதே வேகத்தில் விலா இடைவெளியில் புகுந்தால் அரைகுறையாகவே விரிந்திருக்கக்கூடும். மறுபுறம், பின்னிருந்து சாய்வாகச் சுட நேர்ந்து குண்டு இரைப்பை வழியாகப் போக வேண்டியிருந்தால், ஈரப்புல் அடைத்த அந்தப் பை அடர்த்தியான மூட்டையைப் போலக் குண்டை நிறுத்திவிடும். எந்தக் கேன் வரிசையும் இந்த இரண்டையும் காட்டாது.

ஆகவே அடுத்த முறை சுடும்போது முதல் கேனுக்குப் பின்னால் ஒரு வெற்று இடைவெளியும், நடுவில் ஒரு காய்ந்த எலும்போ ஒட்டுப்பலகையோ வைத்துப் பாருங்கள். எலும்பைக் கடந்த பிறகு பாண்டட் குண்டுக்கும் சாதாரணக் குண்டுக்கும் உள்ள வேறுபாடு உங்கள் முதல் சோதனையில் கண்டதைவிடப் பெரிதாகத் தெரியும்.

கேள்வி கேட்டவர்

ஒவ்வொருவரும் இவ்வளவு நேரம் எடுத்து எழுதியதற்கு நன்றி. உள்ளே செல்லும் குண்டு வேறொரு குண்டு என்ற விளக்கம் என் குழப்பத்தைப் பெருமளவு தீர்த்துவிட்டது. இரண்டு ஐயங்கள் மீதமுள்ளன. விரிவதுதான் ஆழத்தைக் குறைக்கிறது என்றால், விரியாமல் போகும் குண்டு எப்போதும் நேராக, ஆழமாகப் போகும் என்று கொள்ளலாமா? அடுத்து, நான் சுடும் தொலைவு 40 மீட்டரிலிருந்து 300 மீட்டர் வரை மாறக்கூடியது. இந்த இரண்டு எல்லைகளுக்கும் ஒரே குண்டைத் தேர்ந்தெடுப்பதற்கு முறை ஏதேனும் உண்டா?

மறுமொழி 5

முதல் ஐயத்துக்கு: கொள்ள முடியாது, இது பலர் அறியாத இடம். குண்டு காற்றில் நேராகப் பறப்பது சுழற்சியால். 10 அங்குலத்துக்கு ஒரு முறுக்கு உள்ள குழலிலிருந்து வினாடிக்கு 820 மீட்டரில் வெளிவரும் குண்டு, வினாடிக்கு 3,200 முறைக்கு மேல் சுழல்கிறது. காற்றுக்கு அது போதும். திசுவோ காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. அங்கே அந்தச் சுழற்சியால் கூர்முனைக் குண்டை நிலைநிறுத்த முடியாது. கூர்முனைக் குண்டின் நிறைமையம் பின்பகுதியில் இருப்பதால், விரியாவிட்டால் அது சாய்ந்து, புரண்டு, அடிப்பாகம் முன்னே வரும்படி திரும்பிவிடும். திரும்பும்போது பக்கவாட்டில் முழு நீளமும் எதிர்ப்பைச் சந்திப்பதால் ஆழம் குறையும், பாதையும் வளையும். விரிந்த குண்டுக்கு இந்தத் தொல்லை குறைவு. அகன்ற முகப்பு முன்னே இழுவையைத் தாங்கி, பின்தண்டை நேராக வைத்திருக்கிறது. அளவாக விரிவது நேர்ப்பாதைக்கும் உதவுகிறது என்பதால், விரிதலை ஆழத்தின் எதிரியாக மட்டும் பார்க்க வேண்டாம்.

யானை, காட்டெருமை போன்றவற்றுக்கென்றே உள்ள விரியாத திடக்குண்டுகள் இதனால்தான் கூர்முனையோடு செய்யப்படுவதில்லை. முற்காலத்தில் எஃகு உறையோடு உருண்ட முனையாக இருந்தன. இப்போது பித்தளை அல்லது செம்புக்கலவையில் தட்டையான முனையோடு கடைகிறார்கள். தட்டை முனை திசுவைப் பக்கவாட்டில் எறிந்து, குண்டின் தண்டைத் தொடாத ஒரு குழிவை உண்டாக்கிக்கொண்டு அதற்குள் பயணம் செய்கிறது. தண்டின் மீது பக்கவிசை விழாததால் பாதை வளைவதில்லை. .375 காலிபரில் 300 கிரெயின், அதாவது 0.305 குறுக்குவெட்டு அடர்த்தியுள்ள திடக்குண்டு பருத்த எலும்புகளைக் கடந்து செல்லும்போது அந்த எண் உள்ளேயும் மாறாமல் இருக்கிறது. முதல் மறுமொழியில் சொன்ன கணக்கு தேவைப்படாத ஒரே வகை இதுதான். மான்களுக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. குறுகிய துளையோடு மறுபக்கம் போய், பின்னால் நிற்கும் இன்னொரு விலங்கையும் காயப்படுத்தும்.

இரண்டாவது ஐயத்துக்கு வருகிறேன். தொலைவை விட்டுவிட்டு, மோதும் வேகத்தில் எண்ணுங்கள். உங்கள் தோட்டாவில் 40 மீட்டர் தொலைவில் வினாடிக்கு ஏறத்தாழ 795 மீட்டர், 300 மீட்டர் தொலைவில் வினாடிக்கு ஏறத்தாழ 640 மீட்டர் என்பவை இரண்டு எல்லைகள். மேல் எல்லையில் குண்டு சிதறக் கூடாது, அதுவும் முன்னஞ்சப்பை எலும்பில் பட்டாலும் சிதறக் கூடாது. கீழ் எல்லையில், விலா இடைவெளி வழியாகப் போனாலும் திறக்க வேண்டும். தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் குறைந்தபட்ச வேகத்தைக் கொடுக்கிறார்கள். அந்த எண் ஜெலட்டினில் இதழ்கள் அசையத் தொடங்கும் வேகமே தவிர, முழுமையாக விரியும் வேகம் அல்ல. அதற்கு மேல் குறைந்தது வினாடிக்கு 50 மீட்டர் இடைவெளி வைத்துக்கொள்வது என் வழக்கம். செம்புக் குண்டுக்கு 550 என்று போட்டிருந்தால் எனக்கு எல்லை 600. உங்கள் 640 அதற்கு மேலேதான் இருக்கிறது, ஆனால் தாராளமாக இல்லை. கூடுதலான எடையிலிருந்து 150 கிரெயினுக்கு வந்தால் புறப்படும் வேகம் கூடும். 300 மீட்டரில் மிஞ்சுவதும் சற்றுக் கூடும், அதுவும் பிளாஸ்டிக் முனையோடு காற்றை நன்றாகக் கிழிக்கும் வடிவமாக இருந்தால்.

பாண்டட் குண்டு கீழ் எல்லையில் இன்னும் எளிதாகத் திறக்கும், ஏனெனில் முனையில் இருப்பது ஈயம். உங்கள் மேல் எல்லை 795-ஐத் தாண்டாது என்பதால் அது அங்கேயும் தாங்கும். .300 வின்செஸ்டர் மேக்னத்தில் வினாடிக்கு 900 மீட்டரில் புறப்படும் குண்டை மரங்களுக்கிடையே 30 மீட்டரில் சுடுபவர் என்னிடம் கேட்டால் தயங்காமல் செம்பு என்பேன். உங்கள் .30-06 தோட்டாவுக்கும், எல்க்குக்கும், நீங்கள் சொன்ன தொலைவுகளுக்கும் 180 கிரெயின் பாண்டட் குண்டே என் தேர்வு. ஈயத்துக்குத் தடை உள்ள இடமாக இருந்தாலோ, இறைச்சியைக் குழந்தைகளுக்கும் கொடுப்பதாக இருந்தாலோ, 150 அல்லது 165 கிரெயின் செம்பை எடுத்துக்கொண்டு, 300 மீட்டரை உங்கள் வெளி எல்லையாக வைத்து, அதற்கு மேல் சுடாமல் இருங்கள். நுரையீரலின் நடுவை விடச் சற்று முன்னே, தோள் எலும்பின் பின்விளிம்பை ஒட்டிக் குறிவைத்தால் இதழ்கள் திறக்கத் தேவையான எதிர்ப்பும் அந்தக் குண்டுக்குக் கிடைக்கும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், அந்தக் குண்டை உங்கள் ரைஃபிளின் குழல் ஒரே இடத்தில் சேர்த்துச் சுடுகிறதா என்பதை முதலில் தாளில் பார்த்துவிடுங்கள். செம்பு நீளமானது என்பதால், ஈயக்குண்டை நன்றாகச் சேர்க்கும் குழல் இதைச் சிதறடிப்பது உண்டு. அப்படியானால் எடையை ஒரு படி இறக்கிப் பாருங்கள், அல்லது வேறு நிறுவனத்தின் குண்டுக்கு மாறுங்கள். வகை மாற்றும்போது முந்தைய குண்டின் படிவைக் குழலிலிருந்து முழுமையாகத் துடைத்தெடுத்த பிறகே இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும்.